மணல் மட்டம்: முக்கொம்பு மேலணை உடைந்ததை முன்வைத்து ஓர் ஆய்வு

2018 ஆகஸ்ட் 22, புதன்கிழமை இரவு. திருச்சிக்கு மேற்கே சுமார் 18 கிலோமீட்டரில் இருக்கும் முக்கொம்பில், கொள்ளிடத்தின் குறுக்கே நின்ற மேலணையின் மதகுகள் சரியத் தொடங்கின. அந்த அணையில் மொத்தம் 45 மதகுகள். 6-ஆம் எண்ணிலிருந்து 14-ஆம் எண் வரை ஒன்பது மதகுகள், தூண்களோடும் மேலே இருந்த பாலத்தின் ஒரு பகுதியோடும் ஆற்றில் விழுந்தன. காவிரிக்குத் திரும்ப வேண்டிய தண்ணீர் அந்த இடைவெளி வழியாகக் கொள்ளிடத்தில் பாய்ந்தது.

உச்ச வெள்ளம் அதற்குச் சில நாட்கள் முன்பே கடந்துவிட்டது. மேட்டூரிலிருந்து விநாடிக்கு 2 லட்சம் கன அடிக்கு மேல் வந்தபோது நின்ற அணை, தண்ணீர் வடிந்துகொண்டிருந்தபோது விழுந்தது. இந்த ஒரு விவரம்தான் என்னை இந்த நிகழ்வின் பின்னால் போக வைத்தது. வெள்ளத்தின் வேகம் மட்டும்தான் காரணம் என்றால், வேகம் குறைந்த பிறகு ஏன் விழ வேண்டும்? அதற்கு விடை தேடினால் அணையைவிட்டு அதன் அடியில் இருக்கும் மணலுக்கு இறங்க வேண்டியிருக்கிறது. அங்கிருந்து மேட்டூருக்கும் குடகு மலைக்கும், காலத்தில் பின்னோக்கிக் கல்லணை கட்டிய நாட்கள் வரைக்கும் போக வேண்டியிருக்கிறது.

ஆறு பிரியும் இடம்

குடகில் தலைக்காவிரியில் பிறந்து சுமார் 800 கிலோமீட்டர் ஓடும் காவிரி, முக்கொம்பில் இரண்டாகப் பிரிகிறது. வடக்கே போவது கொள்ளிடம். தெற்கே போவது காவிரி என்ற பெயரையே வைத்துக்கொள்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஸ்ரீரங்கம் தீவு. தீவின் கிழக்கு முனையில் இரண்டு ஆறுகளும் மறுபடி தொட்டுக்கொள்ளும் அளவுக்கு நெருங்குகின்றன. அங்கேதான் கல்லணை இருக்கிறது. அதைத் தாண்டினால் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பாசன ஆறுகள் தென்கிழக்கே விரிகின்றன. கொள்ளிடம் மட்டும் ஒற்றை ஆறாக வடகிழக்கே போய்க் கடலில் சேர்கிறது.

கொள்ளும் இடம், கொள்ளிடம். மிஞ்சிய வெள்ளத்தை வாங்கிக்கொள்ளும் ஆறு என்று ஊர்க்காரர்கள் அந்தப் பெயருக்குப் பொருள் சொல்வார்கள். பொருத்தமான பெயர்தான். ஆனால் மிஞ்சியதை மட்டும் வாங்கிக்கொள்ளும் ஒழுங்கு அந்த ஆற்றுக்கு இயல்பாக வந்ததல்ல. கடலுக்குப் போகும் வழியில் கொள்ளிடம் நேரானது, சரிவு கூடியது. காவிரியோ வயல்களுக்கு நடுவில் வளைந்து, கிளை கிளையாகப் பிரிந்து, மெதுவாகப் போகிறது. தண்ணீரை அதன் போக்கில் விட்டால் நேரான வழியைத்தான் எடுக்கும். மெதுவாகப் போகும் கிளையில் மணலும் வண்டலும் படியும். படியப் படியத் தரை மேடாகும். மேடானால் இன்னும் குறைவாகத் தண்ணீர் வரும். குறைவாக வந்தால் இன்னும் அதிகமாகப் படியும். இப்படி ஒரு கிளை தன் மண்ணாலேயே தன் வாயை அடைத்துக்கொள்வதும், ஆறு பக்கத்துப் பள்ளத்துக்கு மாறுவதும்தான் எல்லாக் கழிமுகச் சமவெளிகளும் உருவான விதம். தஞ்சைச் சமவெளியும் அப்படி உருவானதுதான். நெல் விளையும் அந்த மண், ஆறு பலமுறை இடம் மாறியதால் கிடைத்தது.

மனிதருக்கோ ஆறு ஒரே இடத்தில் இருக்க வேண்டும். வயல், கோயில், ஊர் எல்லாம் ஒரு கிளையை நம்பி வளர்ந்துவிட்டன. சிக்கல் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

கல்லும் மணலும்

கரிகாலன் கட்டியதாக வழங்கும் கல்லணையை அரிசி மூட்டைகளை அடுக்கியதுபோலக் கல்லை அடுக்கிய ஒரு பழைய சுவராகப் பலர் நினைக்கிறார்கள். அது செய்த வேலையைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். தீவின் கிழக்கு முனையில் காவிரியின் தரை மேடு, கொள்ளிடத்தின் தரை பள்ளம். அந்த இடத்தில் காவிரி கரையை உடைத்துக் கொள்ளிடத்தில் விழுந்துவிட்டால் தஞ்சைக்குத் தண்ணீர் இல்லை. ஏறத்தாழ 329 மீட்டர் நீளத்துக்கு வளைந்து போகும் அந்தக் கல் அணை, காவிரித் தண்ணீரைத் தெற்கே பிடித்து வைத்துக்கொண்டு, வெள்ளக் காலத்தில் மிஞ்சியதைத் தலைக்கு மேல் வழிய விட்டது. அடியில் பாறை கிடையாது. பெரிய கற்களை மணலில் போட்டு, அவை புதைந்து நிற்கும் வரை மேலே மேலே அடுக்கி, களிமண் சேர்த்துக் கட்டிய அமைப்பு. அளவு தெரியாத ஆழமுள்ள மணலில் அடித்தளம் போடும் வித்தையை இங்கேதான் கற்றுக்கொண்டதாகப் பின்னாளில் பிரிட்டிஷ் பொறியாளர் ஆர்தர் காட்டன் வெளிப்படையாகவே எழுதினார்.

கல்லணை தீவின் கீழ் முனையைக் காத்தது. மேல் முனையில், அதாவது முக்கொம்பில், எதுவும் இல்லை. அங்கே தண்ணீர் தன் விருப்பப்படி பிரிந்தது. 19-ஆம் நூற்றாண்டு தொடங்கும்போது அந்தப் பிரிவு கொள்ளிடத்தின் பக்கம் சாய்ந்திருந்தது. காவிரியின் தலைப்பில் மணல் ஏறிக்கொண்டே வந்தது. 1804-இல் கேப்டன் கால்டுவெல் என்ற ராணுவப் பொறியாளர் இதை ஆராய்ந்து, கல்லணையின் மேல் கற்களை வைத்து உயர்த்தச் சொன்னார். உயர்த்தினார்கள். உயரம் கூடிய அணைக்குப் பின்னால் தண்ணீர் தேங்கியது. தேங்கிய தண்ணீரில் மணல் இன்னும் படிந்தது. ஆண்டுதோறும் காவிரியின் வாயைத் தோண்டுவதும், தழையும் நாணலும் மணலும் கொண்டு கொரம்பு போட்டுத் தண்ணீரைத் திருப்புவதுமே பெரிய வேலையாகிப்போனது. ஒரு வெள்ளம் வந்தால் கொரம்பு போய்விடும். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

1836-இல் தொடங்கிய காட்டனின் தீர்வு, சிக்கலை அது பிறக்கும் இடத்திலேயே போய்ப் பிடித்தது. முக்கொம்பில் கொள்ளிடத்தின் வாயிலேயே குறுக்கே ஓர் அணை. உயரம் அதிகமில்லை. சாதாரண நாட்களில் தண்ணீரைக் காவிரிப் பக்கம் திருப்பும். வெள்ளம் வந்தால் மேலே வழிந்து கொள்ளிடத்துக்குப் போகும். அதுதான் மேலணை. அதே காலத்தில் கொள்ளிடத்தின் கீழ்ப்பகுதியில், இன்றைய அணைக்கரையில், கீழணையும் வந்தது.

அடுத்து நடந்ததுதான் இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தீர்வு தேவைக்கு மேல் வேலை செய்துவிட்டது. மேலணை வந்த சில ஆண்டுகளில் காவிரி ஆழமாகத் தொடங்கியது. கொள்ளிடத்தின் வாயில் மணல் ஏறத் தொடங்கியது. கொள்ளிடம் முழு ஆற்றையும் விழுங்கிவிடுமோ என்று முன்பு பயந்தவர்கள், இப்போது காவிரி விழுங்கிவிடுமோ என்று பயந்தார்கள். அப்படி நடந்தால் வெள்ளக் காலத்தில் தஞ்சை முழுகிவிடும். ஆகவே 1840-களில் மேலணையின் நடுப்பகுதியைத் தணித்தார்கள். காவிரியின் வாயில் தரை மேலும் அரிபடாமல் இருக்க ஆற்றின் குறுக்கே தரைமட்டச் சுவர் ஒன்றைக் கட்டினார்கள்.

ஒரு தராசின் முள்ளைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோலத்தான் இது. ஒரு பக்கம் கொஞ்சம் அழுத்தினால் மறுபக்கம் எழும்புகிறது. இந்த ஆற்றுப் பிரிவு அதன்பிறகு ஒருநாளும் தானாக நின்றதில்லை. மனிதர் பிடித்துக்கொண்டிருப்பதால் நிற்கிறது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்தப் பிடிமானத்தை நம்பித்தான் தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களின் நெல் விளைந்தது. ஆனால் பிடித்திருக்கும் கை எதன்மேல் ஊன்றி நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். மேலணையும் மணல்மேல்தான் நின்றது.

மேட்டூர் வந்த பிறகு

1924 ஜூலையில் மேற்கு மலைகளில் பெய்த மழை, கேரளத்தில் இன்றும் பேசப்படும் பெருவெள்ளமாகவும், இந்தப் பக்கம் காவிரிப் பெருவெள்ளமாகவும் இறங்கியது. மேட்டூர் இருக்கும் இடத்தைக் கடந்த வெள்ளம் விநாடிக்கு நாலரை லட்சம் கன அடிக்கு மேல். அப்போது மேட்டூரில் அணை கிடையாது. அடுத்த ஆண்டு வேலை தொடங்கி 1934 ஆகஸ்டில் அணை திறக்கப்பட்டது. முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி). தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த எண்கள். அதற்குச் சற்று முன்பே மைசூருக்கு அருகில் கிருஷ்ணராஜ சாகரும் எழும்பியிருந்தது. பிறகு பவானிசாகர், அமராவதி, கபினி, ஹேமாவதி என்று வரிசையாக வந்தன.

அணைகளால் வெள்ளம் அடங்கியது, குறுவை நிச்சயமானது. இவை உண்மையான நன்மைகள். ஆனால் அணை தண்ணீரை மட்டும் நிறுத்துவதில்லை, மணலையும் நிறுத்துகிறது. நீர்த்தேக்கத்தில் நுழையும் ஆறு வேகம் இழந்ததும் கனமான மணலை முதலில் கீழே போடுகிறது. மெல்லிய சேறு அணைவரைக்கும் போய்ப் படிகிறது. மதகு வழியாக வெளியே வரும் தண்ணீர் கிட்டத்தட்ட வெறும் தண்ணீர். அதற்கு மணலைத் தூக்கும் சக்தி இருக்கிறது, தூக்க மணல்தான் இல்லை. ஆகவே போகும் வழியில் ஆற்றின் தரையிலிருந்தும் கரையிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. மேட்டூருக்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை என்று மின்சாரத்துக்காகக் கட்டிய கதவணைகள், கரூர் மாவட்டத்தில் மாயனூர் கதவணை. ஒவ்வொன்றும் மணலுக்கு இன்னொரு சுங்கச்சாவடி.

இன்னொரு மாற்றமும் நடந்தது. மேட்டூருக்கு முன், ஆடி மாதத்தில் நிச்சயம் ஒரு புது வெள்ளம் வரும். ஆற்றின் அகலம் முழுக்க ஓடி, தரையைப் புரட்டி, முளைத்த செடிகளைப் பிடுங்கிக்கொண்டு போகும். ஆடிப்பெருக்கு என்று நாம் கொண்டாடுவது அந்த வருகையைத்தான். மேட்டூருக்குப் பின் கொள்ளிடம் பல ஆண்டுகள் காய்ந்து கிடந்தது. வெள்ளம் ஏழெட்டு ஆண்டுக்கு ஒருமுறை வந்தால், நடுவில் இருக்கும் மணல் திட்டில் நாணலும் சீமைக்கருவேலமும் வேர்விட்டு உட்கார்ந்துவிடும். அடுத்த பெருவெள்ளம் வரும்போது அந்தத் திட்டு அசையாது. தண்ணீர் ஓரமாக ஒதுங்கி, குறுகிய இடத்தில் கூடுதல் வேகத்தோடு போகும். ஒரே அணையின் 45 மதகுகளும் ஒரேபோல வெள்ளம் வாங்குவதில்லை என்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மணல் போன வழி

மேலிருந்து மணல் வரத்து குறைந்த அதே காலத்தில், கீழே எடுப்பது கூடியது. 1990-களிலிருந்து கட்டடம் கட்டும் வேகம் ஏற ஏற, கரூரிலிருந்து தஞ்சாவூர், அரியலூர் வரை காவிரியிலும் கொள்ளிடத்திலும் குவாரிகள் பெருகின. மாட்டுவண்டியில் அள்ளிய காலம் போய், பொக்லைனும் டாரஸ் லாரியும் ஆற்றுக்குள் இறங்கின. 2003-இல் குவாரிகளை அரசே எடுத்துக்கொண்டது. ஆழ வரம்பு, அளவு வரம்பு எல்லாம் அனுமதித் தாளில் எழுதப்பட்டிருந்தன. நிலத்தில் நடந்தது வேறு என்று ஆற்றோர ஊர்கள் தொடர்ந்து சொல்லி வந்தன, மறியல் செய்தன, நீதிமன்றம் போயின. 2023-இல் அமலாக்கத் துறை, ஐஐடி கான்பூர் நிபுணர்களைக் கொண்டு குவாரிகளை அளந்து, அனுமதித்த அளவைவிடப் பல மடங்கு எடுக்கப்பட்டிருப்பதாகச் சொன்னது. அது நீதிமன்றங்களில் பெரிய வழக்காகவும் ஆனது. சட்டத்தின் முடிவு எதுவாக இருந்தாலும், அளந்து பார்க்க வேண்டும் என்று யாரோ ஒருவர் ஆற்றுக்குள் கருவியோடு இறங்கியதை நான் மதிக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன்பே, வேறு துறை ஒன்றால், ஒவ்வோர் ஆண்டும் செய்யப்பட்டிருக்க வேண்டிய வேலை அது.

ஏன் அளவு இவ்வளவு முக்கியம்? ஆற்றுக்குள் தோண்டிய பள்ளம் தோண்டிய இடத்திலேயே நிற்காது. வாய்க்காலில் மண்வெட்டியால் ஒரு குழி வெட்டித் தண்ணீரைத் திறந்து விட்டுப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். குழியின் மேல்பக்க விளிம்பு உடைந்து உடைந்து தண்ணீர் வரும் திசையை நோக்கி நகர்ந்துகொண்டே போகும். தண்ணீர் அங்கே சரிவாக விழுவதால் விளிம்பை அரிக்கிறது. குழியின் கீழ்ப்பக்கமோ, மணலைக் குழியில் இழந்துவிட்ட தண்ணீர் போய்த் தரையை அரிக்கிறது. ஆக ஒரு குவாரி மேலேயும் கீழேயும் இரண்டு திசையிலும் ஆற்றின் தரையை இறக்குகிறது. பல குவாரிகள் அடுத்தடுத்து இருந்தால் அந்தப் பள்ளங்கள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடுகின்றன. பல கிலோமீட்டர் நீளத்துக்கு ஆறே ஒரு படி கீழே இறங்கிவிடுகிறது.

ஆறு இறங்கினால் முதலில் தெரிவது வாய்க்கால் தலைப்புகளில்தான். முன்பு ஆற்றில் முழங்கால் அளவு தண்ணீர் வந்தாலே ஏறிய வாய்க்கால், இப்போது இடுப்பளவு வந்தாலும் ஏறாது. அப்புறம் கிணறுகள். கோடையில் ஆற்று மணலில் கையால் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுத்த கரையோர ஊர்களில் ஆழ்துளைக் கிணறு அவசியமாகிறது. மணல் தண்ணீரைத் தேக்கி வைக்கும் ஒரு பெரிய தொட்டி. ராமநாதபுரம் கூட்டுக் குடிநீர்த் திட்டம் முத்தரசநல்லூரில் காவிரி மணலை நம்பித்தான் கிணறு இறக்கியது. திருச்சி மாநகரமும் வேதாரண்யமும் கொள்ளிடத்து மணலுக்கு அடியிலிருந்து குடிக்கின்றன. கடைசியாகத் தெரிவது பாலத் தூண்களிலும் அணைகளின் அடியிலும். அங்கே தெரியும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

ஒரே மாதத்தில் மலையும் பிரிவும்

2018-க்கு வருவோம். அதற்கு முந்தைய ஆண்டுகள் கடுமையான வறட்சி. மேட்டூரை ஜூன் 12-இல் திறக்கும் வழக்கம் 2012-லிருந்தே விட்டுப்போயிருந்தது. 2018-இல் தென்மேற்குப் பருவமழை அள்ளிக் கொடுத்தது. ஜூலை 19-இல் மேட்டூர் திறக்கப்பட்டது. நான்கு நாட்களில், ஜூலை 23-இல், 120 அடியைத் தொட்டது. 2013-க்குப் பிறகு அதுதான் முதல்முறை. பார்க்கப் போன கூட்டத்தில் கண்கலங்கிய விவசாயிகள் இருந்தார்கள்.

ஆகஸ்ட் நடுவில் மழை மறுபடி வலுத்தது. கேரளத்தை மூழ்கடித்த அதே மழைதான் காவிரி பிறக்கும் குடகிலும் பெய்தது. மடிக்கேரியைச் சுற்றி மலைச்சரிவுகள் வரிசையாக இறங்கின. ஊர்களும் காப்பித் தோட்டங்களும் சேற்றில் புதைந்தன. இயற்கையின் சீற்றம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம், ஆனால் பல சரிவுகள் சாலைக்காகவும் வீட்டுக்காகவும் செங்குத்தாக வெட்டிய இடங்களில் தொடங்கின. அடிவாரத்தை வெட்டிவிட்டால் மேலே நிற்கும் மண்ணைப் பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது. அந்த நிலையில் இடைவிடாத மழை மண்ணை நிரப்பினால், அது இறங்கத்தான் செய்யும். அந்த மண்ணில் ஒரு பங்கு கிருஷ்ணராஜ சாகருக்கு மேலேயே தங்கிவிடும். முக்கொம்புக்கு அது வராது. வந்தது தண்ணீர் மட்டும்தான்.

இதில் ஒரு பொருத்தத்தைக் கவனிக்கிறேன். ஒரே மாதத்தில், ஒரே மழையில், ஆற்றின் தலையில் மண் அதிகமாகி இறங்கியது. ஆற்றின் பிரிவில் மண் இல்லாமல் அணை இறங்கியது. நடுவில் இருக்கும் அணைகள் இரண்டையும் ஒன்றோடொன்று சேரவிடாமல் பிரித்து வைத்திருந்தன.

ஆகஸ்ட் நடுவில் மேட்டூரிலிருந்து வந்த 2 லட்சம் கன அடிக்கும் மேலான வெள்ளத்தில் பெரும்பகுதி மேலணை வழியாகக் கொள்ளிடத்தில் திருப்பப்பட்டது. திருச்சியில், 1924 வெள்ளத்துக்குப் பின் 1928-இல் கொள்ளிடத்தின் குறுக்கே கட்டிய பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் முதலில் ஆட்டம் கண்டன. பக்கத்திலேயே புதிய பாலம் வந்துவிட்டதால் போக்குவரத்து அதில் இல்லை. தூண்களின் அடியில் மணல் அரித்து, தூண்கள் சாய்ந்து, பாலத்தின் ஒரு பகுதி ஆற்றில் விழுந்தது. அதற்குச் சில நாட்களில் மேலணை. முதலில் பாலம், பிறகு அணை. இரண்டும் ஒரே ஆற்றில், சில மைல் தூரத்தில். இரண்டையும் தனித்தனிச் செய்தியாக எழுதினால் தெரியாதது, சேர்த்துப் பார்த்தால் தெரிகிறது. கொள்ளிடத்தின் தரை இறங்கியிருந்தது.

எதனால் உடைந்தது

அரசுத் தரப்பு சொன்ன காரணம்: அணைக்கு வயது 180 ஆண்டுக்கு மேல், வெள்ளமோ மிகப் பெரியது. விவசாயச் சங்கங்களும் சூழல் ஆர்வலர்களும் சொன்னது: மணல் கொள்ளை. இந்த இரண்டு பதில்களையும் நான் ஒன்றுக்கொன்று எதிராக வைக்கவில்லை. வயது உண்மை. ஆனால் அதே ஆற்றில் கல்லணை அதைவிடப் பல மடங்கு வயதோடு நிற்கிறது. ஆகவே வயது மட்டும் பதிலாகாது. மணல் எடுத்ததும் உண்மை. ஆனால் மேட்டூரும் கதவணைகளும் வரத்தைத் தடுக்காமல் இருந்திருந்தால், எடுத்ததில் ஒரு பங்கையாவது ஆறு நிரப்பியிருக்கும்.

முதலில் கேட்ட கேள்விக்கு இப்போது திரும்பலாம். வெள்ளம் வடியும்போது ஏன் விழுந்தது?

பெருவெள்ளம் போகும்போது அணைக்கு மேலேயும் கீழேயும் தண்ணீர் உயரமாக நிற்கும். இரண்டு பக்கத்து மட்டத்துக்கும் வித்தியாசம் குறைவு. அணைமேல் அழுத்தமும் அதற்கேற்பக் குறைவு. ஆனால் அந்த நேரத்தில் கீழே, கண்ணுக்குத் தெரியாமல், அணையின் கீழ்ப்பக்கத் தளத்தைத் தாண்டி மணல் அரித்துப் பள்ளமாகிறது. ஏற்கெனவே இறங்கிய தரையில் அந்தப் பள்ளம் இன்னும் ஆழமாகும். பிறகு வெள்ளம் வடிகிறது. கீழ்ப்பக்க மட்டம் வேகமாக இறங்குகிறது. மேல்பக்கம் காவிரிக்குத் தண்ணீர் திருப்ப வேண்டியிருப்பதால் ஷட்டர்களை இறக்கி மட்டத்தைப் பிடிக்கிறார்கள். இப்போது இரண்டு பக்கத்துக்கும் உயர வித்தியாசம் கூடிவிட்டது. மேல்பக்கத் தண்ணீர் அணையின் அடியில் மணலுக்குள் புகுந்து கீழ்ப்பக்கம் வெளியேறப் பார்க்கிறது. வெளியேறும் இடத்தில் முன்பு பாரமாக அழுத்திக்கொண்டிருந்த மணல் இல்லை, பள்ளம்தான் இருக்கிறது. தண்ணீரோடு அடித்தள மணலும் பொடிப்பொடியாக வெளியே வரத் தொடங்கினால், மேலே கட்டடம் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் பயனில்லை. ஒரு தூண் இறங்கும், அது பக்கத்துத் தூணை இழுக்கும். அடுத்தடுத்து இருந்த ஒன்பது மதகுகள் வரிசையாகப் போனது இந்த விளக்கத்தோடு ஒத்துப்போகிறது. இது என் கணிப்பு. மணலில் நிற்கும் அணைகள் உலகெங்கும் அதிகம் உடைவதும் இந்த வழியில்தான்.

அப்படியானால் கல்லணை ஏன் நின்றது? அதன் அகலம் ஒரு காரணம். சுமார் 20 மீட்டர் அகலமுள்ள கனமான கல் திரள் அது. அடியில் நுழைந்த தண்ணீர் வெளியேற நீண்ட தூரம் போக வேண்டும். ஒரு கல் இறங்கினாலும் மற்றவை அதன்மேல் உட்கார்ந்துகொள்ளும். பிற்காலத்தில் நடந்த பழுதுபார்ப்பும் சேர்ந்தது. பழைமையைப் போற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. மணலில் நிற்கும் ஒரு கட்டுமானம் இறங்குவதற்கு இடம் கொடுத்துக் கட்டப்பட்டிருந்தது என்பது பொறியியல் பாடம்.

உடைந்த பிறகு

மணல் மூட்டைகளை அடுக்கி, இரும்புத் தகடுகளை இறக்கி, பாறாங்கற்களைக் கொட்டி இரவும் பகலும் வேலை நடந்தது. பொதுப்பணித் துறை ஊழியர்களும் கூலித் தொழிலாளர்களும் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று செய்த அந்த வேலைக்குத் தஞ்சைச் சம்பா கடன்பட்டிருக்கிறது. பழைய அணைக்குச் சற்றுக் கீழே, சுமார் 387 கோடி ரூபாயில் புதிய கதவணை கட்டப்பட்டது. இன்று முக்கொம்பு பூங்காவுக்குப் போனால் பழையதும் புதியதும் அடுத்தடுத்துத் தெரியும்.

கொள்ளிடத்தின் கீழ்ப்பகுதி வேறொரு விதத்தில் பாதிக்கப்பட்டிருக்கிறது. தரை இறங்கியதாலும் மேலிருந்து நன்னீர் வருவது குறைந்ததாலும் கடல்நீர் ஆற்றுக்குள் பல கிலோமீட்டர் ஏறி வருகிறது. கரையோர ஊர்களின் நிலத்தடி நீர் உப்பாகிறது. அதைத் தடுக்க ஆதனூருக்கும் குமாரமங்கலத்துக்கும் இடையே ஒரு கதவணை எழுப்பப்பட்டது. வெள்ளக் காலத்திலோ எதிர்மாறான துன்பம். மயிலாடுதுறை மாவட்டத்தில் ஆற்றின் இரு கரைகளுக்கு உள்ளேயே இருக்கும் நாதல்படுகை, முதலைமேடு திட்டு, வெள்ளமணல் போன்ற ஊர்களில் ஒவ்வொரு பெரிய திறப்பின்போதும் வீட்டுக்குள் தண்ணீர் வருகிறது. ஆடு மாடுகளைக் கரைமேல் ஓட்டிக்கொண்டு வந்து, தார்ப்பாய் கட்டி, தண்ணீர் வடியும்வரை அங்கேயே சமைத்துச் சாப்பிடுகிறார்கள். அந்தத் திட்டுகளின் மண் வளமானது. காய்கறியும் பூவும் நன்றாக வரும். ஆறு கொண்டுவந்து போட்ட மண் அது. ஆறு அதை அவ்வப்போது கேட்டு வருகிறது.

காவிரிப் பகுதியில் செய்தித்தாளைத் திறந்தால் தினமும் மேட்டூர் நீர்மட்டம் இருக்கும். இத்தனை அடி, இவ்வளவு வரத்து, இவ்வளவு திறப்பு. டீக்கடையில் அந்த எண்களை மனப்பாடமாகச் சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு எண்ணையும் நான் பார்க்க விரும்புகிறேன். முக்கொம்பில், கொள்ளிடம் பாலத்தடியில், கல்லணைக்குக் கீழே, அணைக்கரையில் ஆற்றின் தரை கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டரில் இருக்கிறது என்ற எண். ஆண்டுக்கு இரண்டு முறை போதும்: வெள்ளத்துக்கு முன்பு ஒருமுறை, பின்பு ஒருமுறை. குறுக்குவெட்டாக அளந்து, பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். குவாரி அனுமதி கொடுப்பதா வேண்டாமா, பாலத்தை எப்போது மூடுவது, வாய்க்கால் தலைப்பை எவ்வளவு தணிப்பது என்பதெல்லாம் அந்த எண்ணைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியவை. இதற்குப் பெரிய செலவு எதுவும் ஆகாது. ஆற்று மணலில் அளவுகோலோடு நடக்கச் சில ஆட்கள் போதும்.

2024 ஜூலை இறுதியில் மேட்டூர் மறுபடி நிரம்பியது. கொள்ளிடத்தில் பெருவெள்ளம் திருப்பப்பட்டது. முக்கொம்பின் புதிய கதவணை தாங்கியது. திருச்சியில் கொள்ளிடம் பாலத்தின் தூண்களுக்குக் கீழே மணல் அரிக்காமல் இருக்கக் கட்டியிருந்த தடுப்புச் சுவரின் ஒரு பகுதியை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. ஆற்றுக்குள் நின்ற உயர் அழுத்த மின்கோபுரங்கள், அடியில் மண் கரைந்து, சாய்ந்து விழுந்தன.